ஆழ்கடல் கனிமங்களை மேலேற்றும் பொறியியல்

ஆழ்கடல் கனிம மேலேற்றம் என்பது, ஏறத்தாழ 1,000 முதல் 6,000 மீட்டர் வரை ஆழமுள்ள கடற்படுகையில் கிடக்கும் கனிமங்களைத் திரட்டி, கடற்பரப்பில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டு வரும் செயல்முறை ஆகும். ஆழ்கடல் சுரங்கத் தொழிலின் மூன்று முதன்மைப் படிகளான திரட்டுதல், மேலேற்றுதல், கப்பலில் பிரித்தெடுத்தல் ஆகியவற்றுள் மேலேற்றுதலே பொறியியல் நோக்கில் மிகக் கடினமானதாகக் கருதப்படுகிறது. கடலடியில் கனிமம் இருப்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. அதை மேலே கொண்டு வர முடியும் என்பது 1978 ஆம் ஆண்டில் செய்து காட்டப்பட்டது. எனினும், பல ஆண்டுகள் இடைவிடாது இயங்கி வணிக அளவில் கனிமம் ஏற்றிய அமைப்பு எதுவும் இதுவரை உருவாகவில்லை.

கனிம வகைகள்

ஆழ்கடலில் மூன்று வகையான திண்மக் கனிமப் படிவுகள் முதன்மையானவை.

பல்லுலோகக் கணுக்கள்: உருளைக்கிழங்கு போன்ற தோற்றமுடைய, கருநிற உருண்டைகள். 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில், மென்மையான சேற்றின் மேல் தளர்வாகக் கிடக்கின்றன. மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றுடன் நிக்கல், செப்பு, கோபால்ட் ஆகியனவும் இவற்றில் உள்ளன. ஒரு கணு சில மில்லிமீட்டர் வளர்வதற்கே பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இவை மாங்கனீசு முடிச்சுகள் எனவும் அழைக்கப்படுகின்றன.

கோபால்ட் மிகுந்த மேலோடுகள்: கடலடி மலைகளின் பாறைச் சரிவுகளில் ஒட்டிய படலங்களாகக் காணப்படுபவை. இவற்றை அடியிலுள்ள பாறையிலிருந்து செதுக்கி எடுக்க வேண்டும்.

கடலடி சல்பைடுப் படிவுகள்: கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உருவாகும் செப்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி ஆகியவை கலந்த படிவுகள். இவை ஒப்பீட்டளவில் ஆழம் குறைந்த இடங்களிலும் கிடைக்கின்றன. ஆயினும் இவற்றை வெட்டி நொறுக்கிய பின்னரே மேலேற்ற இயலும்.

இக்கட்டுரை பெரும்பாலும் பல்லுலோகக் கணுக்களைப் பற்றியது. மிக அதிகமான சோதனைகள் இவற்றை வைத்தே நடந்துள்ளன.

வரலாறு

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த பிரித்தானிய ஆய்வுக் கப்பலான சேலஞ்சர், கடலடியிலிருந்து இக்கணுக்களை வாரியெடுத்தது. அவை நெடுங்காலம் அருங்காட்சியகப் பொருட்களாகவே இருந்தன. அமெரிக்கப் பொறியியலாளர் சான் மீரோ 1965 இல் வெளியிட்ட கடற் கனிம வளங்கள் பற்றிய நூல், இவற்றைத் தொழில்துறையின் கவனத்துக்குக் கொண்டு வந்தது.

1970 களில் அமெரிக்கா, கனடா, செருமனி, சப்பான் முதலிய நாடுகளின் நிறுவனங்கள் கூட்டமைப்புகளாக இணைந்து சோதனைகளில் இறங்கின. 1978 இல் ஓசன் மேனேச்மென்ட் என்னும் கூட்டமைப்பு, செட்கோ 445 என்ற துளையிடும் கப்பலைக் கொண்டு, பசிபிக் பெருங்கடலில் 5,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து ஏறத்தாழ 800 டன் கணுக்களை மேலேற்றியது. நீருக்கடி எக்கி (பம்ப்), காற்றேற்றம் ஆகிய இரு முறைகளும் அதில் பயன்பட்டன. பின்னர் உலோக விலைகள் வீழ்ந்ததாலும், கடற்படுகை யாருக்கு உரியது என்ற சட்டக் கேள்வியாலும் இம்முயற்சிகள் கைவிடப்பட்டன.

இக்காலத்தின் வியப்பான நிகழ்வு ஒன்று, கனிமத்துக்காக நிகழ்ந்ததே அன்று. 1968 இல் பசிபிக்கில் மூழ்கிய கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை இரகசியமாகத் தூக்க அமெரிக்க உளவு நிறுவனம் முனைந்தது. அதற்கெனக் கட்டப்பட்ட குளோமார் எக்சுபுளோரர் என்னும் கப்பல், மாங்கனீசுக் கணுக்களை எடுக்கவே செல்கிறது என உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1974 இல், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எஃகுக் குழாய்த் தொடரின் முனையில் பற்றித் தூக்கப்பட்ட நீர்மூழ்கி, வழியிலேயே உடைந்தது. ஒரு பகுதி மட்டுமே மேலே வந்தது. ஆயினும், இவ்வளவு ஆழத்துக்கு மாபெரும் சுமை தாங்கும் குழாய்த் தொடரை இறக்கி ஏற்ற முடியும் என்பதை இத்திட்டம் காட்டியது. அதே கப்பல் பின்னர் 1979 இல் உண்மையாகவே கணு திரட்டும் சோதனைக்குப் பயன்பட்டது.

அமைப்பின் பகுதிகள்

கணுக்களை மேலேற்றும் ஓர் அமைப்பில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் உள்ளன.

1. திரட்டி: சங்கிலிப் பட்டைகளின் மேல் கடலடியில் ஊர்ந்து, நீர்த்தாரை மூலமோ பற்சக்கரங்கள் மூலமோ கணுக்களைச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கும் எந்திரம்.
2. வளைகுழாய்: திரட்டியையும் ஏற்றக்குழாயின் அடிமுனையையும் இணைக்கும் நெகிழ்வான குழாய். திரட்டி முன்னும் பின்னும் நகர இது இடம் தருகிறது.
3. ஏற்றக்குழாய்: கப்பலிலிருந்து செங்குத்தாகத் தொங்கும், பல கிலோமீட்டர் நீளமான குழாய்.
4. எக்கிகள் அல்லது காற்றழுத்திகள்: கனிமமும் நீரும் கலந்த குழம்பை மேலே செலுத்துபவை.
5. மின்வடம்: திரட்டிக்கும் எக்கிக்கும் மின்சாரத்தையும் கட்டளைகளையும் கொண்டு செல்வது.
6. கப்பல்: நீரைப் பிரித்துக் கணுக்களைச் சேமிப்பதும், உந்திகளின் உதவியால் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதும் இதன் பணி.

கடலடிச் சூழல் தரும் சவால்கள்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 5,000 மீட்டரில் அது 500 வளிமண்டல அழுத்தம் ஆகும். இதன் பொருள், 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உடைய ஒரு சிறு தகட்டின் மேல் ஏறத்தாழ 50 டன் எடை ஏற்றி வைத்ததற்கு ஒப்பான விசை செயற்படுகிறது என்பதாகும். எல்லாக் கருவிகளையும் தடித்த உலோகக் கூடுகளில் அடைத்தால் எந்திரத்தின் எடை அளவின்றிப் பெருகும். ஆதலால் மின்னோடிகள், நீரியல் கருவிகள் முதலியன எண்ணெய் நிரப்பப்பட்ட உறைகளில் வைக்கப்படுகின்றன. அவ்வெண்ணெய் ஒரு நெகிழ் சவ்வின் வழியாகக் கடல்நீரின் அழுத்தத்தையே பெறுவதால், உறையின் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிறது. எண்ணெயில் நனையக் கூடாத மின்னணுக் கருவிகள் மட்டும் டைட்டானியம் போன்ற வலிய உலோகக் கூடுகளில் வைக்கப்படுகின்றன.

கடல்நீரில் வானொலி அலைகள் மிகக் குறுகிய தொலைவிலேயே மறைந்து விடுகின்றன. எனவே திரட்டியின் இருப்பிடத்தை ஒலி அலைகளைக் கொண்டே அறிய வேண்டும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். 5,000 மீட்டர் ஆழத்துக்கு ஒலி சென்று திரும்ப 6 நொடிகளுக்கும் மேல் ஆகும். உடனடிக் கட்டுப்பாட்டுக்கு மின்வடத்தினுள் செல்லும் ஒளியிழையை நம்பியிருக்க வேண்டியுள்ளது.

அடுத்த சவால் கடலடி மண். கணுக்கள் கிடக்கும் சேறு, நீர் மிகுந்த களிமண்ணைப் போன்று மிகவும் மென்மையானது. எடை மிகுந்த எந்திரம் அதில் புதையும். எடை குறைந்த எந்திரமோ பிடிப்பின்றி வழுக்கும். அகலமான சங்கிலிப் பட்டைகளும், நுண்ணிய கண்ணாடிக் கோளங்கள் பொதிந்த மிதவைப் பொருளும் இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண உதவுகின்றன.

மேலேற்றும் முறைகள்

வாளிச் சங்கிலி முறை

கிணற்றில் இறைக்கும் ஏற்றச் சங்கிலியைப் போல, நீண்ட கயிற்று வளையத்தில் வாளிகளைக் கட்டிக் கடலடி வரை சுழலவிடும் முறை இது. சப்பானியரான யோசியோ மசூதா முன்வைத்த இம்முறை 1970 களின் தொடக்கத்தில் பசிபிக்கில் சோதிக்கப்பட்டது. கருத்தளவில் மிக எளியது எனினும், இறங்கும் கயிறும் ஏறும் கயிறும் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டன. வாளி கடலடியில் எதை வாருகிறது என்பதையும் கட்டுப்படுத்த முடியவில்லை. எனவே இம்முறை கைவிடப்பட்டது.

காற்றேற்ற முறை

கப்பலிலிருந்து அழுத்தப்பட்ட காற்றை, ஏற்றக்குழாயின் நடுப்பகுதியில் ஓர் ஆழத்தில் உட்செலுத்துவது இம்முறை. காற்றுக் குமிழிகள் கலந்த நீரின் அடர்த்தி, வெளியே உள்ள கடல்நீரின் அடர்த்தியை விடக் குறைகிறது. எனவே வெளிநீர் கீழ்முனை வழியே புகுந்து, கணுக்களையும் சேர்த்து மேலே தள்ளுகிறது. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணறுகளில் கம்ப்ரசர் வைத்து நீர் இறைப்பதும் இதே தத்துவத்தின் அடிப்படையிலேயே ஆகும்.

நீருக்கடியில் சுழலும் உறுப்புகள் எவையும் இல்லாமை இதன் பெரும் நன்மை. பழுது ஏற்பட்டாலும் கப்பலிலேயே சீர்செய்து கொள்ளலாம். ஆனால் 2,000 மீட்டர் ஆழத்தில் செலுத்தப்படும் காற்று 200 வளிமண்டல அழுத்தத்தில் இருக்க வேண்டும். மேலே வரவர அது விரிந்து, பரப்பை அடையும்போது ஏறத்தாழ 200 மடங்கு கன அளவை அடைகிறது. இதனால் குழாயின் மேற்பகுதியில் கலவையின் வேகம் கட்டுக்கடங்காமல் கூடும். இதைத் தணிக்கக் குழாயின் விட்டத்தை மேற்செல்லச் செல்லப் பெரிதாக்க வேண்டும். ஆற்றல் பயன்பாட்டுத் திறனும் எக்கியை விடக் குறைவு.

நீரேற்ற முறை

ஏற்றக்குழாயில் இடையிடையே பல கட்ட மையவிலக்கு எக்கிகளை இணைத்துக் குழம்பை மேலே தள்ளும் முறை. ஆற்றல் திறன் மிகுந்தது, கட்டுப்படுத்த எளியது. ஆனால் கணுக்கள் எக்கியின் உள்ளேயே பாய்வதால் அவை சிக்காத அளவுக்கு வழி அகலமாக இருக்க வேண்டும். கடினமான துகள்கள் எக்கியின் இதழ்களைத் தேய்க்கின்றன. ஓர் எக்கியை மாற்ற வேண்டுமாயின் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். தேய்மானத்தைத் தவிர்க்க, குழம்பை எக்கியின் இயங்கு உறுப்புகளிலிருந்து சவ்வினால் பிரிக்கும் இடப்பெயர்ச்சி எக்கிகளும் வடிவமைக்கப்பட்டுள்ளன.

ஓர் எளிய கணக்கு

ஏற்றக்குழாயின் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக் கொள்ளலாம். ஈரமான கணுவின் அடர்த்தி நீரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு கணு, அசையாத கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் விழும். எனவே குழாயில் நீர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஏறினால், கணு நொடிக்கு 3 மீட்டர் வேகத்திலேயே ஏறும். 5,000 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 28 நிமிடங்கள் தேவை.

குழாயின் உள்விட்டம் 30 செ.மீ. என்றும், அதன் கன அளவில் 10 விழுக்காடு கணுக்கள் என்றும் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 150 டன் ஈரக் கணுக்கள் மேலே வரும். குழாயினுள் உள்ள நீரின் எடையை வெளியே உள்ள கடல்நீரே தாங்கிக் கொள்கிறது. எக்கி தாங்க வேண்டியது கணுக்களால் கூடும் எடையை மட்டுமே. இந்த எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 47 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். இதனுடன் குழாய்ச் சுவரின் உராய்வையும் சேர்க்க வேண்டும். நீரின் வேகத்தைக் கூட்டினால் உராய்வு ஏறத்தாழ அதன் இருமடியாகக் கூடும். வேகத்தைக் குறைத்தால் பெரிய கணுக்கள் ஏறாமல் தங்கும். வடிவமைப்பாளர் இவ்விரு எல்லைகளுக்கு இடையில் நிற்க வேண்டும்.

குழாய் அடைப்பு

மேற்கூறிய எடுத்துக்காட்டில், எக்கி திடீரென நின்றால் என்ன நிகழும்? அந்நேரத்தில் குழாயினுள் உள்ள கணுக்கள் அனைத்தும் கீழ்நோக்கி விழத் தொடங்கும். 5,000 மீட்டர் குழாயில் 10 விழுக்காடு என்பது, இடைவெளியின்றி அடுக்கினால் 500 மீட்டர் நீளமான திண்மம். கணுக்களுக்கு இடையிலான வெற்றிடத்தையும் சேர்த்தால், குழாயின் அடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அடைப்பு உருவாகலாம். அதை மீண்டும் எக்கியால் தள்ளித் திறப்பது இயலாத செயல். முழுக் குழாயையும் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும்.

எனவே ஏற்றக்குழாயின் அடியில் அவசரத் திறப்பிதழ் ஒன்று தேவையாகிறது. மின்சாரம் தடைப்பட்டாலும் தானே திறந்து, விழும் கணுக்களைக் கடலில் விட்டுவிடும் வகையில் அது அமைய வேண்டும். மேலும், திரட்டியிலிருந்து கணுக்கள் ஒரே சீராக வருவதில்லை. ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் அரிதாகவும் கிடக்கும். குழாயினுள் கணுக்கள் திரளாகச் சேர்ந்து ஏறுவதும் அடைப்புக்குக் காரணமாகும். இதைத் தடுக்க, ஏற்றக்குழாயின் கீழே இடைநிலைத் தொட்டி ஒன்றை அமைத்து, அதிலிருந்து அளந்து ஊட்டும் முறை பல வடிவமைப்புகளில் காணப்படுகிறது.

குழாயின் வலிமையும் கப்பலின் அசைவும்

நீரில் தொங்கும் 5,000 மீட்டர் எஃகுக் குழாயின் மேல்முனையில், அதன் சொந்த எடையால் மட்டும் ஏறத்தாழ 330 மெகாபாசுக்கல் தகைவு ஏற்படுகிறது. சீரான குழாயைத் தடிமனாக்குவதால் இது குறையாது. தடிமனுடன் எடையும் கூடிவிடும். சாதாரணக் கட்டுமான எஃகு ஏறத்தாழ 250 மெகாபாசுக்கலிலேயே மீளாமல் நீளத் தொடங்கும். அதாவது, சாதாரண எஃகால் செய்த குழாய் ஒரு கணுவைக் கூட ஏற்றும் முன்னரே தன் எடையால் சேதமடையும். எனவே உயர்வலு எஃகைப் பயன்படுத்துவதுடன், குழாயை மேலே தடிமனாகவும் கீழே மெல்லியதாகவும் அமைக்கின்றனர். எஃகுக் குழாய் தன் எடையால் மட்டும் 4 மீட்டர் அளவுக்கு நீளும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கப்பல் அலைகளால் ஏறி இறங்கும்போது குழாய் ஒரு சுருள்வில் போல நீண்டு சுருங்குகிறது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் செல்வதால், வெறும் குழாயின் இயல்பு அலைவுக்காலம் 4 நொடிகள் அளவில் அமையும். அடிமுனையில் எக்கியும் தொட்டியும் தொங்கும்போது இது மேலும் கூடுகிறது. பெருங்கடல் அலைகளின் அலைவுக்காலம் பெரும்பாலும் 5 முதல் 15 நொடிகள். இரண்டும் நெருங்கினால் ஒத்ததிர்வு ஏற்பட்டுக் குழாய் முறியக்கூடும். இதற்காகக் கப்பலில் அசைவு ஈடுசெய்யும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. அவை கப்பல் எழும்போது குழாயைத் தளர்த்தியும், தாழும்போது இழுத்தும் அதை ஒரே உயரத்தில் வைக்க முயல்கின்றன.

கடல் நீரோட்டம் குழாயைக் கடக்கும்போது அதன் இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் தோன்றி, குழாயைப் பக்கவாட்டில் அதிரச் செய்கின்றன. இவ்வதிர்வு சிறிதாயினும், பல மாதங்கள் தொடர்ந்தால் இணைப்புகளில் உலோகச் சோர்வு உண்டாகும். புயல் நெருங்கினால் குழாயை எடுத்துவிட்டு விலகுவதா, நிலைத்து நிற்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் பல கிலோமீட்டர் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுப்பது நீண்ட நேரம் பிடிக்கும் பணியாகும்.

இணைப்புகளே இத்தகைய அமைப்பின் நலிந்த இடங்கள் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. 2021 ஏப்பிரலில் பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் வலயத்தில், பெல்சிய நிறுவனம் ஒன்றின் பட்டானியா 2 என்னும் 25 டன் திரட்டி, தூக்கும் வடம் கழன்று 4 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் தங்கிவிட்டது. சில நாட்களுக்குப் பின்னரே அதை மீட்க முடிந்தது.

இந்தியாவின் முயற்சிகள்

1981 சனவரியில் கவேசனி என்னும் ஆய்வுக் கப்பல் அரபிக் கடலிலிருந்து முதல் கணுவை எடுத்தது. 1987 இல் இந்தியா ஐக்கிய நாடுகள் அமைப்பால் முன்னோடி முதலீட்டாளராக ஏற்கப்பட்டது. 2002 இல் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நடு இந்தியப் பெருங்கடற் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆய்வுக்காக இந்தியாவிடம் உள்ளது. அங்கு 38 கோடி டன் கணுக்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

எந்திரங்களை உருவாக்கும் பணி சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்திடம் உள்ளது. எஃகுக் குழாய்க்கு மாற்றாக, நெகிழ்வான குழாய் வழியே ஊர்தியிலிருந்து நேராகக் கப்பலுக்குக் குழம்பை ஏற்றும் அணுகுமுறையை இக்கழகம் ஆராய்ந்தது. 2000 ஆம் ஆண்டில், செருமனியின் சீகன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து உருவாக்கிய ஊர்தி, தூத்துக்குடிக்கு அப்பால் 410 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டது. 2021 இல் வராகா என்னும் ஊர்தி நடு இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து காட்டியது. இது நகர்வுச் சோதனையே, மேலேற்றும் சோதனை அன்று. 2024 இல் அந்தமான் கடலில் 1,173 மீட்டர் ஆழத்தில் 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட கணுக்கள் திரட்டப்பட்டன. 2021 இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்த, 4,077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்தில் இப்பணிகளும் அடங்கும்.

பிற நாடுகளின் சோதனைகள்

2017 இல் சப்பான், ஒக்கினாவாவுக்கு அருகில் 1,600 மீட்டர் ஆழத்திலிருந்து சல்பைடுத் தாதுவை நீரேற்ற முறையில் மேலேற்றியது. பப்புவா நியூ கினியின் பிசுமார்க் கடலில் இதே போன்ற படிவை எடுக்க எந்திரங்களைக் கட்டி முடித்த நாட்டிலசு மினரல்சு நிறுவனம், கடலில் பணியைத் தொடங்கும் முன்னரே 2019 இல் நொடித்துப் போனது.

2022 இல் கிளாரியன்-கிளிப்பர்டன் வலயத்தில், இடன் செம் என்னும் மாற்றியமைக்கப்பட்ட துளையிடும் கப்பல், 4.3 கிலோமீட்டர் நீளமான ஏற்றக்குழாய் வழியே காற்றேற்ற முறையில் 3,000 டன்னுக்கு மேற்பட்ட கணுக்களைக் கப்பலுக்குக் கொண்டு வந்தது.

கழிவுநீரும் சூழலும்

குழாயில் ஏறுவது கணுக்கள் மட்டுமன்று. அவற்றைப் போலப் பல மடங்கு கடல்நீரும், சேறும், வழியில் உடைந்த கணுத்தூளும் கப்பலை அடைகின்றன. பிரித்தெடுத்த பின் இக்கலங்கல் நீரை எங்கே விடுவது என்பது முடிவு காணாத வினா. மேற்பரப்பில் விட்டால் ஒளி தடைப்பட்டு மிதவை உயிரிகள் பாதிக்கப்படலாம். நடு ஆழத்தில் விட்டால் அங்கு வாழும் உயிரினங்கள் பாதிக்கப்படலாம். கடலடி வரை கொண்டு செல்ல மற்றொரு நீண்ட குழாய் வேண்டும்.

கடலடியிலும் பாதிப்பு உண்டு. சதுர மீட்டருக்கு 10 கிலோகிராம் கணு கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு 15 இலட்சம் டன் எடுக்க 150 சதுர கிலோமீட்டர் பரப்பை வார வேண்டும். கணுக்களின் மேல் ஒட்டி வாழும் உயிரினங்களுக்கு அக்கணுக்களே வாழிடம். பெரு நாட்டுக்கு அப்பால் 1989 இல் ஆய்வுக்காக உழப்பட்ட கடலடித் தடங்கள், 2015 இல் சென்று பார்த்தபோதும் தெளிவாகத் தெரிந்தன. கலங்கலைக் குறைக்கும் திரட்டியை வடிவமைப்பது ஆகவே பொறியியலின் பகுதியாகவே மாறியுள்ளது.

சட்ட நிலை

நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடற்படுகை, 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட ஒப்பந்தப்படி மனித குலத்தின் பொதுச் சொத்தாகும். இதனை நிருவகிக்கும் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் 1994 இல் தோன்றியது. இதன் தலைமையகம் யமேக்காவின் கிங்சுடனில் உள்ளது. ஆய்வுக்கான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் வணிக அளவில் எடுப்பதற்கான விதிகள் 2025 சூலையில் நடந்த கூட்டத்திலும் நிறைவு பெறவில்லை. அவ்வொப்பந்தத்தில் சேராத அமெரிக்கா, 2025 ஏப்பிரலில் தன் உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்க முனைந்தது. பல நாடுகள், பாதிப்புகள் அறியப்படும் வரை இத்தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும் எனக் கோருகின்றன.

இவற்றையும் பார்க்க

பல்லுலோகக் கணுக்கள்
கடற்சட்டம்
எக்கி
ஒத்ததிர்வு
தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம்